பிஸ்டன் அண்ணனின் ஆயில் பரீட்சை

பிஸ்டன் என்ற பெயரை அவருக்கு யாரும் வைக்கவில்லை. அவரே வைத்துக்கொண்டார். 'சாலைச் சிங்கங்கள்' என்ற மோட்டார் சைக்கிள் குழுவில் சேர்ந்த அன்று, படிவத்தில் பட்டப்பெயர் என்றிருந்த கட்டத்தில் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். மற்ற சிங்கங்களுக்கு வாய்த்த பெயர்களைப் பார்த்தால் அவர் செய்தது புத்திசாலித்தனம் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் பயணத்திலேயே சேற்றில் விழுந்து புரண்ட ஒரு மனிதருக்கு எருமை என்று பெயர் விழுந்து, இன்றைக்கு அவர் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வரை அது போய்ச் சேர்ந்துவிட்டது.

வாரத்தில் ஆறு நாள் பிஸ்டன் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருப்பார். ஜன்னல் இல்லாத அறை. எதிர்ச் சுவரில் வெளிச்சம் போட்ட எழுத்துப் பலகை. வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கில் ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டி, வட்ட வட்டமான லென்ஸ்களை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்து, "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா?" என்று கேட்பதுதான் வேலை. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேர். எதிரே உட்கார்ந்தவர் சொல்வதுதான் சரி. அவர் மாற்றி மாற்றிச் சொன்னாலும் அதுதான் சரி. அத்தனை பேர் அபிப்பிராயத்தையும் கேட்டுக் கேட்டுச் சீட்டில் எழுத வேண்டும். பதினெட்டு வருடத்தில் ஒரு ஆளாவது "உங்களுக்கு என்ன தோணுது சார்?" என்று அவரைத் திருப்பிக் கேட்டதில்லை. சோதனை முடிந்து ஃபிரேம் வாங்கும்போதுகூட, "எனக்கு எது எடுப்பா இருக்கும்?" என்று வெளியே நிற்கும் விற்பனைப் பெண்ணிடம்தான் கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு இந்த நிலைமை தலைகீழாக மாறிவிடும். புறவழிச் சாலை முனையில் உள்ள டீக்கடை முன்னால் பதினாறு, பதினேழு மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டி நிற்கும். சிங்கங்களின் சராசரி வயது நாற்பத்தாறு. பாதிப் பேருக்கு முட்டிவலி, மீதிப் பேருக்குச் சர்க்கரை. எல்லோரும் டீயைக் கையில் பிடித்துக்கொண்டு பிஸ்டன் வாயைப் பார்ப்பார்கள். செயின் ஸ்பிராக்கெட்டில் எத்தனை பல் இருக்க வேண்டும், எந்த டயர் மழையில் வழுக்கும், மலையில் இறங்கும்போது எந்த கியர் என்று எதைக் கேட்டாலும் பதில் உண்டு. "பிஸ்டன் அண்ணனே சொல்லிட்டார்" என்றால் அன்றைக்கு அந்த வழக்கு முடிந்தது என்று அர்த்தம். உலகத்தில் அவர் சொல் செல்லுபடியாகிற இடம் அந்த டீக்கடை வாசல் ஒன்றுதான். அதை இழந்தால் மனிதருக்கு வேறு போக்கிடம் இல்லை, பின்னறைதான்.

அவருடைய வண்டி கறுப்பு நிறத்தில் பெரிய வண்டி. வாங்கி ஆறு வருடம். மீட்டரில் ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி வீட்டிலிருந்து டீக்கடைக்குப் போய் வந்த தூரம். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை ஒரே மூச்சில் ஏறிய கதையை அவர் சொல்லும்போது கேட்பவர்களுக்குக் காது அடைக்கும். மூன்றாவது வளைவிலேயே கிளட்ச் கருகி, மீதி முப்பத்தேழு வளைவுகளை வண்டி ஒரு மினி லாரியின் முதுகில் ஏறியது என்பதை மட்டும் சொல்ல மாட்டார். ஆனால் வண்டியின் நாடித்துடிப்பு தனக்குத் தெரியும் என்பதில் அவருக்கே சந்தேகம் கிடையாது. "டயர்ல ரெண்டு பாயிண்ட் காத்து குறைஞ்சா போதும், எனக்கு இடுப்புல தெரிஞ்சிடும்" என்பார். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிகள் வண்டியின் அழகைக் கெடுக்கின்றன என்று கழற்றி எறிந்துவிட்டு, கைப்பிடி முனையில் சின்னதாக இரண்டு மாட்டியிருந்தார். அவற்றில் அவருடைய முழங்கை நன்றாகத் தெரியும்.

அவர் மனைவிக்கும் வண்டி உண்டு. ஒரு பழைய ஸ்கூட்டர். அந்த அம்மாள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறார். விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பி, வெறும் வயிற்றோடு காத்திருக்கும் நோயாளிகளின் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, குளிர்பெட்டியில் அடுக்கி, ஒன்பது மணிக்குள் நிலையத்தில் சேர்க்க வேண்டும். மழை, வெயில், தோண்டிப்போட்ட தெரு, துரத்துகிற நாய் எல்லாம் அதில் அடக்கம். ஸ்கூட்டரின் மீட்டர் ஒரு லட்சத்தைத் தாண்டி ஒரு வருடம் ஆகிறது. அந்த அம்மாளுக்கு அனுபவம் என்று ஒன்று இருக்கலாம் என்று சிங்கங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஸ்கூட்டரை அவர்கள் வண்டிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ராஜாங்கத்தில்தான் ஆயில் சண்டை வந்தது.

இஞ்சினுக்குச் சாதா ஆயில் போதுமா, விலை கூடிய சிந்தெடிக் ஆயில் ஊற்ற வேண்டுமா என்பதுதான் கேள்வி. வீட்டில் பெண் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள், அப்படி நான்கு மாதம் பேசினார்கள். சிந்தெடிக் ஊற்றினால் வண்டி மறுபிறவி எடுக்கும் என்றார் பிஸ்டன். எதிர்ப்பக்கம் நின்றவர் ஒரே ஒருவர். லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவர், பெயரே லேத். வாரம் முழுக்க இரும்பைக் கடைகிற மனிதர், அதனால் பேச்சில் சிக்கனம்.

"எதை ஊத்தினா என்ன தம்பி? நேரத்துக்கு மாத்தினா போதும். ஓட்டுறவனுக்கு வித்தியாசம் ஒண்ணும் தெரியாது."

"உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க. எனக்குத் தெரியும்" என்றார் பிஸ்டன்.

தம்பி என்று கூப்பிட்டதுதான் அவருக்கு முதலில் பற்றிக்கொண்டது. ஆயில் இரண்டாவதுதான்.

அந்தச் சமயம் பார்த்து, குழுவின் கேப்டனுக்கு முதுகெலும்பில் தட்டு விலகி, மோட்டார் சைக்கிள் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேப்டன் பதவி காலி. கேப்டனுக்கு ஒரு மஞ்சள் மேல்கோட்டு உண்டு, அதை மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போக வேண்டும். செயலாளர் டியூஷன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கணக்கு டியூஷன் எடுக்கிறவர் என்பதால் அந்தப் பெயர். அடுத்த மாதம் ஏரிக்குப் போகும் பயணத்தில் பிஸ்டன் புது ஆயில் ஊற்றி ஓட்டி வர வேண்டும். வந்ததும் வழக்கப்படி டேங்க் மேல் உள்ளங்கையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சிங்கங்களிடம் அது ஒரு சத்தியம் மாதிரி, சூடான டேங்க் மேல் கை வைத்துப் பொய் சொல்ல மாட்டார்கள். தீர்ப்பு நிலைத்தால் மஞ்சள் கோட்டு பிஸ்டனுக்கு. லேத் சொன்னதுதான் சரி என்றானால், பிஸ்டன் இனி டீயை மட்டும் குடிக்க வேண்டும், தீர்ப்புச் சொல்லக் கூடாது.

பிஸ்டன் பரீட்சைக்குத் தயாரானார். பாரம் ஏற்றினால்தான் இஞ்சினின் உண்மையான குணம் தெரியும் என்று எங்கோ படித்திருந்தார். பாரத்துக்கு எங்கே போவது? சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை நீயும் வரே. ஏரி பாக்கணும்னு சொல்லிட்டே இருந்தேல்ல."

"அந்த பின் சீட்ல என்னால உக்கார முடியாதுங்க. சரிஞ்சு சரிஞ்சு உங்க முதுகுல வந்து இடிக்குது. கால் வைக்கிற இடத்துல ஒரே நடுக்கம். போன தடவை ரெண்டு நாள் இடுப்பு நிமித்த முடியல."

"அதெல்லாம் பழைய ஆயிலோட வைப்ரேஷன். புது ஆயில் ஊத்தினா சரியாயிடும். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா உக்காந்து வா. உன் வெயிட்தான் டெஸ்ட்."

பதினோரு வருடத் தாம்பத்தியத்தில் அந்த அம்மாள் கேட்ட அழைப்புகளில் இது ஒன்றும் மோசமானது இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் விடுமுறை, ஏரியைப் பார்த்ததும் இல்லை. சரி என்றார். அன்று காலை பிஸ்டன் தானே ஆயிலை மாற்றி, கையைத் துடைத்துவிட்டு, மனைவியை ஹெல்மெட்டோடு எடை மெஷினில் ஏற்றி நிறுத்தினார். அறுபது கிலோ. அதையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார்.

மற்றவர்கள் ஏழு மணிக்கே கிளம்பிவிட்டார்கள். பிஸ்டன் தனியாக வருவதாக ஏற்பாடு, கூட்டத்தோடு போனால் பரீட்சை கெட்டுவிடும். குழுவின் விதிப்படி லேத்தான் கடைசி வண்டி. பஞ்சர், விழுந்தவர், வழி தவறியவர் யாராக இருந்தாலும் பொறுக்கி எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் கால் மணி நேரம் பின்னால் வருவார். பன்னிரண்டு வருடமாக அவர் அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

ஓடுகிற வண்டியில் பிஸ்டனும் மனைவியும் பேசிக்கொள்வது எப்படி என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிஸ்டன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்துவார். மனைவியின் குரல் காற்றில் போய்விடும். அதனால் பின்னாலிருந்து ஒரு தட்டுத் தட்டினால் சரி என்று அர்த்தம். கிளம்பிய முதல் முப்பது கிலோமீட்டரில் பிஸ்டனுக்கு மனம் கலங்கிப்போயிருந்தது. ஆயில் மாற்றிய வண்டி பழைய மாதிரியேதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு துளி வித்தியாசம் இல்லை. லேத்தின் முகம் கண்முன்னால் வந்து வந்து போயிற்று.

ஏரிக்கு நாற்பத்தெட்டு கிலோமீட்டர் இருக்கும்போது பெட்ரோல் போட ஒரு பங்க்கில் நிறுத்தினார். மனைவி இறங்கி, கைப்பையையும் போனையும் டேங்க் மேலிருந்த பைக்குள் வைத்துவிட்டு, "பாத்ரூம் போய்ட்டு வந்துடறேங்க" என்று சொல்லிப் போனார். பிஸ்டன் தலையை ஆட்டினார். டியூஷன் போனில் "ரிசல்ட் எப்படி அண்ணே?" என்று கேட்டிருந்தார், அதற்கு என்ன பதில் எழுதுவது என்ற கவலையில் ஆட்டிய தலை அது. பெட்ரோல் போட்டு முடிந்தது. பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. பிஸ்டன் வண்டியைக் கிளப்பி, "ஏறிட்டியா?" என்று கத்தினார். நகர்ந்தால் போதும் என்றிருந்த பங்க் ஊழியர் பின் சீட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

ஒரு தட்டு. சரி என்று அர்த்தம். பிஸ்டன் போய்விட்டார்.

அரை கிலோமீட்டர் போயிருக்க மாட்டார், அந்த அதிசயம் நடந்தது. வண்டி துள்ளியது. ஆக்சிலேட்டரைத் தொட்டால் போதும், பாய்ந்தது. மேட்டில் மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டிய இடத்தில் நான்கிலேயே ஏறியது. திருப்பத்தில் சாய்த்தால் பூ மாதிரிச் சாய்ந்தது. பிரேக் பிடித்தால் பிடித்த இடத்தில் நின்றது. பிஸ்டனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆயில் இஞ்சினின் மூலை முடுக்கெல்லாம் ஊறிச் சேர முப்பது கிலோமீட்டர் ஆகிறது, அதுதான் விஷயம் என்று அங்கேயே ஒரு தத்துவமும் பிறந்தது. இரண்டு பாயிண்ட் காற்றுக் குறைந்தால் கண்டுபிடிக்கிற இடுப்பு அது. அறுபது கிலோ மனைவி குறைந்ததை அது கவனிக்கவில்லை.

"பாத்தியா! பாத்தியா பிக்கப்ப!" என்று கத்தினார்.

தட்டு இல்லை. ரசித்துக்கொண்டு வருகிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

"என்ன, இடுப்பு வலிக்குதா? வலிக்கலேல்ல! முதுகுல இடிக்குதா? இடிக்கல! நான் சொன்னா நீ எங்க கேக்கறே? எல்லாம் ஆயில்தான்!"

ஆறு வருடத்தில் முதல் தடவையாகப் பின் சீட்டிலிருந்து ஒரு குறையும் வரவில்லை. நாற்பத்தெட்டு கிலோமீட்டரும் பேசிக்கொண்டே போனார். லேத்தின் முகம் எப்படிச் சுண்டப்போகிறது என்பதைச் சொன்னார். மஞ்சள் கோட்டுப் போட்டு எடுக்கும் படத்தைக் கண்ணாடிக் கடையில் எங்கே மாட்டலாம் என்று யோசனை கேட்டார். இவ்வளவு மனம்விட்டு அவர் மனைவியிடம் பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

ஏரிக்கரை டீக்கடையைச் சூழ்ந்து, ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிங்கங்கள் காத்திருந்தன. பிஸ்டன் வண்டியை நிறுத்தி, "இறங்கிக்கோ" என்று சொல்லி, ஒரு கணம் பொறுத்து, தானும் இறங்கினார். அதற்குள் கூட்டம் மொய்த்துக்கொண்டது.

"அண்ணி எங்கண்ணே?" என்று யாரோ கேட்டார்கள்.

"இங்கதான் எங்கயாவது நின்னு ஏரியப் பாத்துட்டிருப்பா" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு டேங்க் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"முதல்ல ஒண்ணு. நான் தனியா வந்திருந்தா நீங்க நம்ப வேண்டாம். பின்னாடி அறுபது கிலோவ வச்சுக்கிட்டு ஓட்டிட்டு வந்திருக்கேன். முதல் முப்பது கிலோமீட்டர் ஒரு வித்தியாசமும் தெரியல. எதையும் மறைக்க மாட்டேன். ஆனா பங்க் தாண்டினதும் பாருங்க, சரியா அந்த பங்க்ல இருந்து, வண்டி வேற வண்டி. பிக்கப் வேற. சஸ்பென்ஷன் வேற. பிரேக் வேற. ஆயில் செட்டாக முப்பது கிலோமீட்டர் எடுத்துக்குது, அதான் கணக்கு. பின்னாடி ஆள் உக்காந்திருக்கிற மாதிரியே தெரியல எனக்கு!"

சிங்கங்கள் கை தட்டின. டியூஷன், "பங்க்ல இருந்துதானே? குறிச்சுக்கறேன்" என்று குறித்துக்கொண்டார். நேற்றுத்தான் சாதா ஆயில் ஊற்றிய ஒரு மனிதர் வயிறெரிந்து நின்றார். பழைய கேப்டனின் மஞ்சள் கோட்டு வந்தது, மாட்டினார்கள், தோள்பட்டையில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. படம் எடுத்தார்கள். அடுத்த கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி இருபது நிமிடம் போயிற்று. இருபது நிமிடமும் அவர் ஏரிப் பக்கம் திரும்பவில்லை.

அப்போதுதான் லேத்தின் பழைய வண்டி தடதடவென்று வந்து நின்றது. பின்னாலிருந்து பிஸ்டனின் மனைவி இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றி, கலைந்த தலையைக் கையால் ஒதுக்கிக்கொண்டார்.

பிஸ்டன் மனைவியைப் பார்த்தார். பிறகு தன் வண்டியின் பின் சீட்டைப் பார்த்தார். ஏதோ அங்கே இன்னொரு ஆள் இருக்கவேண்டியது மாதிரி.

"எங்க இருந்து வரீங்க?" என்றார் டியூஷன், மெதுவாக.

"பங்க்ல இருந்து" என்றார் லேத். "காத்து பிடிக்கிற இடத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தாங்க. போனும் பையும் வண்டியிலயே போயிடுச்சாம். ஏதாவது சாப்பிடுங்க தங்கச்சின்னேன், வேண்டாம்னுட்டாங்க." பிறகு உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார். "ஆயில் எப்படி தம்பி?"

ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை என்று சொன்னால் அது பொய். எருமை என்று பெயர் வாங்கியவர் மரத்துக்குப் பின்னால் ஓடிப்போய்ச் சிரித்தார், பத்து வருடச் சிரிப்பு அது. ஆனால் மோட்டார் சைக்கிள்காரர்களின் புத்தி எப்படிப்பட்டது என்பது அதற்கடுத்த நிமிடம் தெரிந்தது. டியூஷன் மோவாயைத் தடவினார்.

"ஒரு நிமிஷம். டெஸ்ட் முழுசாத் தப்புன்னு சொல்லிட முடியாது. அண்ணியோட வெயிட்ட கழிச்சுட்டா, மிச்சம் இருக்கிற வித்தியாசம் ஆயிலோடதுதானே? அண்ணி எவ்வளவு வெயிட்?"

"அண்ணி இங்க நிக்கறப்பவே கேக்கறியே" என்றார் ஒருவர்.

"கணக்குக்குத்தானே கேக்கறேன். வண்டி ஒரு நூத்தித் தொண்ணூறு, அண்ணன் ஒரு எழுபத்தஞ்சு..."

"காத்துத் தடையையும் கழிக்கணும்" என்றார் இன்னொருவர். "பின்னாடி ஆள் இருந்தா காத்து வேற மாதிரி அடிக்கும்."

அந்த அம்மாள் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவரைச் சுற்றி நின்றுகொண்டுதான் அவரைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். பிஸ்டனுக்கு மூழ்குகிற நேரத்தில் ஒரு கயிறு கிடைத்தது. மஞ்சள் கோட்டு இன்னும் தோளில்தான் இருந்தது. அவர் சட்டைப்பைக்குள் கைவிட்டு, காலையில் எழுதிய சீட்டை எடுத்துவிட்டார்.

"ஹெல்மெட்டோட அறுபது" என்றார்.

சொன்ன பிறகுதான் மனைவியின் முகத்தைப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அந்த முகத்தில் கோபம் இல்லை.

"அஞ்சு நிமிஷத்துல திரும்பி வந்துடுவீங்கன்னு நினைச்சேன்" என்றார் மனைவி. "அப்புறம் பத்து நிமிஷம்னு நினைச்சேன். பங்க்காரப் பையன் கேக்கறான், உங்களுக்குள்ள ஏதாவது சண்டையான்னு. இல்லப்பா, மறந்துட்டாருன்னேன். மறந்ததுகூடப் பரவால்லங்க. மனுஷனுக்கு மறதி இருக்கும். ஆனா நான் இல்லாம வண்டி எவ்வளவு நல்லா ஓடுதுன்னு இங்க வந்து நின்னு எல்லாருக்கும் சொல்லிட்டிருந்திருக்கீங்க பாருங்க."

டியூஷன் பேனாவை மூடிப் பையில் வைத்தார்.

வெட்கம் என்றால் என்ன என்பது பிஸ்டனுக்கு அன்றைக்குத்தான் உச்சந்தலை வரை தெரிந்தது. ஏரியைச் சுற்றிக் காட்டி, டீ வாங்கிக் கொடுத்து, மெல்லச் சமாதானம் செய்யலாம் என்று ஒரு மனம் சொன்னது. அதற்குள் கை தானாக டேங்க் மேல் போய்விட்டது.

"ஆயில்ல ஒரு வித்தியாசமும் இல்ல" என்றார். குரல் பின்னறைக் குரலாக இருந்தது. "லேத் அண்ணன் சொன்னதுதான் சரி. எனக்கு எதுவும் தெரியல. எப்பவுமே தெரிஞ்சதில்ல. அந்த மலையில வண்டி ஏறினதுகூட லாரியிலதான்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வெட்கத்தில் அதுவும் சேர்ந்து வந்து விழுந்துவிட்டது. மஞ்சள் கோட்டைக் கழற்றி லேத்திடம் நீட்டினார். லேத் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு எதுக்கு தம்பி? முன்னாடி போறவன் யாரையும் பாக்க முடியாது. நான் பின்னாடியே வரேன்."

கோட்டை யார் வாங்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அது பிஸ்டன் கையிலேயே இருந்தது. பிறகு ஏதோ ஒரு வண்டியின் சீட்டில் வைத்தார். டேங்க் மேல் கை வைத்துச் சொன்ன தீர்ப்பு என்பதால், இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் டீ மட்டும்தான். அதை யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை. நினைவுபடுத்தாததுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

மனைவி டீ வாங்கிக் குடித்தார். ஏரியைத் தனியாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், அவசரப்படாமல். திரும்பி வந்து கையை நீட்டினார்.

"சாவி குடுங்க."

"கியர் வண்டிம்மா இது. உன் ஸ்கூட்டர் மாதிரி இல்ல."

"லேப்ல சேந்த முதல் மூணு வருஷம் நான் எதுல போனேன்னு நினைச்சீங்க? கம்பெனி மோட்டார் சைக்கிள்லதான். ஸ்கூட்டர் அப்புறம் வந்தது."

பிஸ்டன் யோசித்துப் பார்த்தார். அந்த மூன்று வருடமும் அவர் அதே வீட்டில்தான் இருந்தார். தினமும் காலையில் மனைவி போவது தெரியும், திரும்பி வருவது தெரியும். எதில் என்று அவர் கேட்டதில்லை. சாவியைக் கொடுத்தார்.

பின் சீட்டில் ஏறி உட்கார்ந்த முதல் கிலோமீட்டரிலேயே அது என்ன ஜாதிச் சீட்டு என்று தெரிந்துவிட்டது. சரிந்து சரிந்து முன்னால் கொண்டுவந்து தள்ளியது. கால் வைத்த இடத்திலிருந்து நடுக்கம் முட்டிக்கு ஏறி, இடுப்பில் போய் உட்கார்ந்தது. சைலன்சர் சூடு கெண்டைக்காலை வேகவைத்தது. பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூடக் கிடையாது, அழகைக் கெடுக்கிறது என்று அதையும் அவர்தான் கழற்றியிருந்தார். மனைவி பள்ளத்தை ஒரு ஜாண் தூரத்தில் ஒதுக்கி, லாரிக்கு வழி விட்டு, எதிரே வந்த மாட்டைச் சுற்றி, எங்கேயும் ஒரு குலுக்கல் இல்லாமல் ஓட்டினார். நன்றாகத்தான் ஓட்டினார், பிஸ்டனைவிட நன்றாக. அப்படியும் வலித்தது. கொஞ்சம் நிறுத்தச் சொல்லலாம் என்று மனைவியின் தோளில் தட்டினார். மனைவி அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்போல, வண்டி இன்னும் வேகம் பிடித்தது.

வீட்டு வாசலில் இறங்கியபோது கால் மரத்துப்போய், கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. மனைவி வண்டியைத் தள்ளி நிழலில் நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்து அவரிடம் நீட்டினார். ஆறு வருடமாக இந்தச் சீட்டில் உட்கார்ந்தா வந்தாள், எப்படி வந்தாள் என்று நினைத்துப் பார்த்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். பழக்கதோஷம், வேறு ஒன்று வந்தது.

"வண்டி எப்படி இருக்கு?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் அதை மனைவியிடம் கேட்டார். அந்த அம்மாள் வண்டியை முன்னாலிருந்து பின்னால் வரை ஒருமுறை பார்த்தார். கேட்ட கேள்விக்கு நேர்மையாகத்தான் யோசித்தார்.

"வண்டியில ஒரு குறையும் இல்லீங்க" என்றார்.

சொல்லிவிட்டு உள்ளே போனார். பிஸ்டன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார். மேற்கொண்டு ஏதாவது சொல்வாளோ என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார், உள்ளேயிருந்து பாத்திரம் கழுவும் சத்தம்தான் வந்தது.